இரண்டாவது ரத்தம்

கட்டுரை வெளியாகிவிட்டது.
ஆறு பக்கம், இரண்டு பத்தி, ஒரு வரைபடம்.
டாக்டர் பிலோமினா அச்செடுத்து
சூடு ஆறுமுன் என் மேசையில் வைத்தார்.
"கடைசிப் பக்கம் பாரு."
நன்றி சொல்லும் வரியில்
ஐஸ் பெட்டி கொடுத்த கம்பெனிக்குப் பிறகு
என் பெயர்.
ஏகவல்லியில் ஒரு எல் விட்டுப்போயிருந்தது.

எனக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான்.
எண்கள் தெரியும்.
காய்ச்சலோடு வந்தவர்கள் நூற்றுப் பன்னிரண்டு.
இரண்டாவது ரத்தம் தந்தவர்கள் எண்பத்தொன்பது.
மிச்ச இருபத்துமூன்று பேருக்கும் சேர்த்து
அட்டவணைக்கு அடியில் பொடி எழுத்தில்
தொடர்பு அறுந்தவர்கள் என்று இருந்தது.

எலி மூத்திரத்தில் பிறந்து
மழைத் தண்ணீரில் நாள்கணக்காய்க் காத்துக் கிடந்து
குதிகால் வெடிப்பு வழியே ஏறும் நோய் அது.
ஒருநாள் டாக்டர் நுண்ணோக்கியில் காட்டினார்:
இருட்டில் நெளிகிற வெள்ளி நூல்,
நுனியில் ஒரு கொக்கி.
"கேள்விக்குறி மாதிரி இருக்கில்ல?
பேரே அதை வெச்சுதான்."

முதல் ரத்தம் வாயைத் திறக்காது.
பதினைந்து நாள் கழித்து இன்னொரு முறை குத்தினால்தான்
உடம்பு சண்டை போட்டதா என்று தெரியும்.
அந்தப் பதினைந்து நாள்தான் என் உத்தியோகம்.
ஸ்கூட்டியின் காலடியில் பெட்டி,
புளியந்தோப்பு, கன்னிகாபுரம், பேசின் பிரிட்ஜ்,
தண்ணீர் வடியாத சந்தில்
சுடிதாரை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு.

முப்பத்தோராம் எண் கறிக்கூடத்தில் வேலை.
கத்தியைத் துடைத்தபடி சொன்னார் நூருல்லா பாய்:
"ஜுரம்தான் போச்சே. இன்னும் எதுக்கும்மா ரத்தம்?
நான் பார்க்காத ரத்தமா?"
பதில் தெரியாமல் சிரித்துவிட்டு வந்தேன்.

ஐம்பத்தெட்டாம் எண்ணுக்குக் கால்வாய்க்கரையில் வீடு.
போனபோது வீடு இல்லை, கரை இருந்தது.
பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடி என்றார்கள்.
லிஃப்ட் ஓடவில்லை. ஏறினேன்.
மூட்டை பிரிக்காத அறையில்
டீ போட்டுத் தந்து
கையையும் நீட்டினாள் மரகதவல்லி.
தேதியைப் பார்த்தேன். இருபத்தாறாவது நாள்.
இருபத்தொன்றோடு கணக்கு முடிந்துவிடும்.
"வேணாம்கா" என்றேன்.
நீட்டிய கையை
என்ன செய்வதென்று தெரியாமல்
மடியில் வைத்துக்கொண்டாள்.

எழுபத்தேழு.
சாக்கடைக்குள் இறங்குகிறவன், பெயர் தேசப்பன்.
கண்ணெல்லாம் மஞ்சள், அப்போதும்
"ஊசி மெல்லமா போடுக்கா" என்று கூச்சப்பட்டவன்.
கொடுத்த நம்பர் அணைந்திருந்தது.
காண்டிராக்டர் ரிஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினார்:
"அப்படி ஒரு ஆளே எங்ககிட்ட இல்லம்மா.
நாங்க யாரையும் உள்ள இறக்கறதே இல்ல."

இல்லாத ஆளின் ரத்தம்
எங்கள் ஃப்ரீசரில், மைனஸ் எண்பதில்,
மூன்றாம் தட்டு, இடமிருந்து நாலாவது.
மின்சாரம் போனால்
ஜெனரேட்டர் பிடிக்கும்வரை
மற்ற எதைப் பற்றியும் நான் நினைப்பதில்லை.

டாக்டரிடம் கேட்டேன், ஏன் போனார்கள் என்று
ஒரு வரி எழுதியிருக்கலாமே.
"எழுதினேன் வல்லி. அரைப் பக்கம்.
நீளம் ஜாஸ்தி, வெட்டுங்கன்னு வந்துச்சு."
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
ஏற்கெனவே சுத்தமாய்த்தான் இருந்தது.

ஐப்பசி பிறந்துவிட்டது. புது ஆய்வு, புதுப் படிவம்.
இந்த முறை முகவரிக்குக் கீழே
டாக்டர் ஒரு கேள்வி சேர்த்திருக்கிறார்:
நீங்கள் இங்கே இல்லையென்றால் யாரிடம் விசாரிக்கலாம்?

முதல் எண், சல்சா பீவி, பூ கட்டுகிறவர்.
கணுக்கால் தண்ணீரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.
கேள்வியைப் படித்துக் காட்டினேன்.
கொஞ்ச நேரம் நூலைப் பல்லால் கடித்தபடி இருந்துவிட்டுக் கேட்டார்:

"ஏன், எங்கயாச்சும் அனுப்பப் போறாங்களா?"